முயல் கூட்டில் விட்டால் போதுமா?

"யாரோ கைவிட்ட கினிப்பன்றியைக் கோப்பாய்க்குக் கொண்டுவந்து வீட்டுக்குள் வளர்ப்பது காசு மினக்கேடு. முயல் கூட்டில் விட்டுப் புல்லைப் போடுங்கோ" என்கிறார் அயலவர்.

முயல் தன் உடம்பிலேயே உயிர்ச்சத்து சீயை ஆக்கிக்கொள்ளும். கினிப்பன்றிக்கு, நமக்குப் போலவே, அது முடியாது. உணவில் கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், முரசால் இரத்தம் கசியும், எழும்ப மாட்டாமல் கிடக்கும். முயலின் ஓர் உதையே அதன் எலும்பை முறிக்கப் போதும். காசு மினக்கேடு எங்கே? நம் செம்மண் தோட்டத்துக் கறிமிளகாயில் ஒரு துண்டு, கொய்யாவில் ஒரு கீற்று. வாழ்நாள் முழுக்க வளரும் பல் தேய, நிறையப் புல். அவ்வளவுதான்.

இந்த வெயில் அதற்கு ஒத்துவராது என்றும் சொன்னார். அது சரி. அன்டீஸ் மலைநாட்டில் மனிதர் பழக்கிய உயிர் அது, அதற்கு வியர்க்காது. சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே விட்டால் செத்துப்போகும். அதனால்தான் வெளிக்கூட்டில் அல்ல, குளிர்ந்த சீமெந்துத் தரையுள்ள வீட்டுக்குள் வைக்கச் சொல்கிறேன்!

தனியே வைத்தாலும் அது வாடிப்போகும். கூடி வாழும் இனம் என்பதால் சுவிட்சர்லாந்து 2008 முதல் ஒற்றையாய் வளர்ப்பதையே சட்டத்தால் தடுத்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு ஒன்றல்ல, இரண்டு வரும். இரண்டும் பெட்டை.