தானியங்கிக் காவலும் எமது வரலாறும்

எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்ற ஏற்பாட்டில் வளர்ந்த இணையக் கலைக்களஞ்சியம் விக்கிபீடியா. அதன் தமிழ்ப் பதிப்பு 2003ஆம் ஆண்டு தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் ஐக்கிய அரபு இராச்சியத்தில் தொழில் பார்த்தவாறே அதன் தொடக்ககாலப் பணிகளில் பெரும்பங்கைத் தனியாகச் சுமந்தார். இன்று அங்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ஒப்படை எழுதும் மாணவர் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் விக்கிபீடியாவிலிருந்து பெருமளவு கற்றே விடை சொல்கின்றன. ஆகவே, அங்கு நுழையும் ஒரு பிழை அங்கேயே நின்றுவிடுவதில்லை.

திறந்த வாசல் நல்லவருக்கு மட்டும் திறந்திருப்பதில்லை. கட்டுரைகளை அழிப்போரும், வசைமொழி எழுதிவிட்டு ஓடுவோரும் அங்கு வருகின்றனர். இந்த நாசவேலையைக் கண்டறிந்து உடனடியாக நீக்குவதற்கு மென்பொருள் தானியங்கிகள் பயன்படுகின்றன. ஆங்கில விக்கிபீடியாவில் 2010ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் பணியாற்றும் ‘குளூபொட் என்.ஜி.’ என்பது இவற்றுள் பெயர்பெற்றது. நல்லது, கெட்டது என மனிதர் வகைப்படுத்திக் கொடுத்த திருத்தங்களைப் படித்து, புதிய திருத்தமொன்று எந்த வகைக்குரியது என்று அது கணிக்கிறது. கெட்டதெனக் கண்டால் சில நொடிகளில் பழைய நிலைக்கு மீட்டுவிடுகிறது.

ஆனால், அதன் திறனுக்கு எல்லையுண்டு. ஆயிரம் நல்ல திருத்தங்களில் ஒன்றுக்கு மேல் தவறாக நீக்கக்கூடாது என்று வரம்பிட்டால், நாசவேலைகளில் ஏறத்தாழ 40 வீதமே பிடிபடும் என்று அதை ஆக்கியவர்களே கணக்குக் காட்டியிருந்தனர். வலையின் கண்ணை இறுக்கினால் நல்லவரும் அகப்படுவர். தளர்த்தினால் கெட்டவரும் தப்புவர்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் கடினமானது. பயிற்றுவிப்பதற்கு வேண்டிய வகைப்படுத்தப்பட்ட திருத்தங்கள் ஆங்கிலத்தில் உள்ள அளவில் எம்மிடம் இல்லை. வசைச்சொற் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்றால், எமது மொழியில் ஒரே சொல் வேற்றுமை உருபுகளையும் சந்தியையும் ஏற்றுப் பல்வேறு வடிவங்களில் வரும். ‘நாய்’ என்பது வசை. ஒரு விலங்கின் பெயருமாகும். முஸ்லிம் மக்களை இழித்துரைக்க இந்நாட்டில் வழங்கும் சொல்லொன்று, தமிழில் எழுதும்போது, உலகறிந்த ஜப்பானிய நிறுவனமொன்றின் பெயராகவும் இருக்கிறது. பட்டியலை வைத்துக்கொண்டு இயந்திரம் எதை நீக்கும், எதை விடும்? எழுத்து வழக்கும் இவ்வாறே. நாம் ‘கணனி’ என்கிறோம். தமிழகத்தார் ‘கணினி’ என்பர். நாம் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவது அங்குள்ளவர்களுக்குப் பிழையாகத் தோன்றும். தமிழகத்து எழுத்தை மட்டும் கற்ற இயந்திரத்துக்கும் அப்படியே தோன்றும்.

இச்சிக்கல்களைத் தவிர்ப்பதற்காகவே, எந்த மொழிக்கும் பொருந்தும் வகையில் புதிய கணிப்பு முறையொன்றை விக்கிமீடியா நிறுவனம் ஆக்கியது. அதன் துணையுடன் இயங்கும் தானியங்கி மட்டுறுத்துநர் 2024ஆம் ஆண்டு துருக்கி மொழிப் பதிப்பில் முதலில் நடைமுறைக்கு வந்தது. இம்முறை சொற்களின் பொருளைப் பார்ப்பதில்லை. எவ்வளவு உரை குறைந்தது, எத்தனை மேற்கோள்கள் நீங்கின, திருத்தியவர் எத்தகைய பயனர் என்பன போன்ற புறத் தடயங்களையே பார்க்கிறது. கணக்கின்றி வரும் புதியவர் மீது அதற்குச் சந்தேகம் அதிகம். தன் ஊரைப் பற்றி முதன்முறையாக ஒரு வரி எழுத வரும் மாணவி சந்தேகத்துக்குள்ளாகலாம். பழைய கணக்கொன்றை வைத்திருக்கும் விஷமி நிம்மதியாகக் கடந்து செல்லலாம்.

எமக்கு உண்மையான கேடு இங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. அதனுடன் சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. ‘எரிக்கப்பட்டது’ என்பதை ஒருவர் ‘எரிந்தது’ என்று மாற்றினால் என்னவாகும்? வசை இல்லை, இலக்கணப் பிழை இல்லை, மேற்கோளும் நீங்கவில்லை. சில எழுத்துகள்தாம் போயின. அவற்றோடு குற்றம் செய்தவனும் போய்விட்டான். 1990 ஒக்ரோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவருக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. ‘வெளியேற்றப்பட்டனர்’ என்பது ‘வெளியேறினர்’ என்றானால், தாமாகவே மூட்டை கட்டிக்கொண்டு போனவர்களாக அம்மக்கள் மாறிவிடுவர். முதலாவது மாற்றம் தமிழருக்கு வலிக்கும். இரண்டாவது முஸ்லிம்களுக்கு வலிக்கும். இயந்திரத்துக்கு இரண்டுமே வெறும் எழுத்துத் திருத்தங்கள்.

நூலகம் எரிக்கப்பட்ட நாள் மே 31 என்று சிலரும் யூன் 1 என்று வேறு சிலரும் எழுதுவதுண்டு. அது நேர்மையான கருத்து வேறுபாடு. 97,000 என்பதை 9,700 ஆக்குவது வேறு விடயம். இலக்கம் மாறியது என்பதற்கு மேல் இவற்றுக்கிடையே எந்த வேறுபாட்டையும் தானியங்கி அறியாது.

பண்பான மொழியில் எழுதப்படும் பொய் நெடுநாள் நிலைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் சான்றுண்டு. ஜோன் சீகென்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளர் கென்னடி கொலையுடன் தொடர்புபடுத்தப்பட்டார் என்ற புனைவு, 2005ஆம் ஆண்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் விக்கிபீடியாவில் அப்படியே கிடந்தது. இன்று தானியங்கிகள் வலுப்பெற்றிருந்தாலும், நடுநிலை நடையில் எழுதப்பட்ட அத்தகைய வாக்கியத்தைப் பொய்யென அறிவது இன்றும் அவற்றுக்கு எளிதன்று.

எனினும், தானியங்கிகளை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வசையையும் கிறுக்கலையும் அவை துடைத்துவிட்டால், சிலராகவே உள்ள தமிழ்த் தொகுப்பாளர்களின் நேரம் மிச்சமாகும். அந்த நேரம் எதற்குப் பயன்படுகிறது என்பதே எமது கேள்வி. போர் நிகழ்ந்த காலத்தில் ஆங்கில விக்கிபீடியாவில் இலங்கை பற்றிய கட்டுரைகள் நாளாந்தம் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தன. அப்போது இரு தரப்புத் தொகுப்பாளர்களும் நல்லிணக்கத் திட்டமொன்றை அமைத்து, சர்ச்சைக்குரிய சொற்களைப் பேசித் தீர்க்க முயன்றனர். மனிதர் அமர்ந்து பேசியே அதைச் செய்தனர்.

இங்கும் அது இயலாததன்று. ஒரு கட்டுரையைத் தமது கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் பயனர், அதில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் காணலாம். நூலக எரிப்புப் பற்றிய கட்டுரையைத் தமிழரும், வெளியேற்றம் பற்றிய கட்டுரையை முஸ்லிம்களும் காப்பது எவரும் சொல்லாமலே நடக்கக்கூடியது. யாழ். பல்கலைக்கழக மாணவரும் ஒஸ்மானியா கல்லூரியின் பழைய மாணவரும் இவ்விரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

காவலருக்கும் ஆதாரம் வேண்டும். மேற்கோள் இல்லாத வரியை அழித்தவனிடம் வாதிட முடியாது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், பழைய ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடிச் சேர்த்து வைத்திருப்பதால் தமிழர் வரலாற்றுக்கு ஓரளவு சான்று கிடைக்கிறது. யாழ்ப்பாண முஸ்லிம்களின் நிலை வேறு. வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த கல்விமான் ஏ. எம். ஏ. அஸீஸ் போன்றோரை வளர்த்த சமூகம், 1990இல் வீட்டு அலுமாரிகளை அப்படியே விட்டுச் சென்றது. பாடசாலை மலர்களும் பள்ளிவாசல் வெளியீடுகளும் பத்திரிகை நறுக்குகளும் புத்தளத்திலோ கொழும்பிலோ எவரிடமாவது எஞ்சியிருந்தால், கறையான் அரிப்பதற்கு முன்னர் அவற்றை வருடுவதற்குக் கொடுத்துதவ வேண்டும்.