ஹாலுக்கு ஒன்பது, அடுப்படிக்கு ஒன்று!

உங்கள் வீட்டு ஹாலில் எத்தனை பிளக் பாயிண்ட் இருக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். டி.வி-க்கு, செட் டாப் பாக்ஸுக்கு, சோபா பக்கத்தில் செல்போன் சார்ஜருக்கு... ஆச்சா? அப்படியே எழுந்து அடுப்படிக்குப் போங்கள். அங்கே 'பவர் பிளக்' என்று நாம் சொல்கிற பெரிய பிளக் எத்தனை? என் வீட்டு ஹாலில் மொத்தம் ஒன்பது பாயிண்ட். அடுப்படியில் பவர் பிளக் ஒன்றே ஒன்று!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இண்டக்‌ஷன் அடுப்பில் இட்லி, மைக்ரோவேவில் முதல் நாள் சாம்பார், கெட்டிலில் வெந்நீர். மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். "என்னங்க, ஏதோ கருகற வாசனை வருது" என்றார் மனைவி. "பால் அடி பிடிச்சிருக்கும், பாரு" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. கருகியது பால் இல்லை, பிளக். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, பாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி கேஸ் அடுப்பின் டியூப். அப்புறம் எங்கே பேப்பர் படிப்பது?

நான் பி.காம். எனக்கு எலெக்ட்ரிகல் தெரியாது. ஆனால் வகுக்கத் தெரியும். இண்டக்‌ஷன் 2,000 வாட்ஸ், மைக்ரோவேவ் 1,300, கெட்டில் 1,500. கூட்டினால் 4,800. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால் கிட்டத்தட்ட 21 ஆம்ஸ். அந்த பாக்ஸ் தாங்கக்கூடியதோ 6 ஆம்ஸ். சுவரில் இருக்கும் பவர் பிளக்கே 16 ஆம்ஸ்தான். பஸ்ஸில் கூட்டம் ஏற்றுகிற மாதிரி ஏற்றிவிட்டோம். கரன்ட் இரண்டு மடங்கானால், வயரில் சூடு நாலு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நான்தான் அந்த கிளாஸைக் கட் அடித்திருக்கிறேன்.

'எம்.சி.பி. இருக்கே, அது ட்ரிப் ஆகாதா?' என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் ஆனது. அடிக்கடி ஆகிறதே என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "பெருசா ஒண்ணு போட்டுட்டா தொல்லை இல்லை சார்" என்றார். நானும் சந்தோஷமாகக் காசு கொடுத்தேன். நாய் குரைத்து தூக்கம் கெடுகிறது என்று நாயைத் துரத்திவிட்டு, கதவையும் திறந்து வைத்துக்கொண்டு படுத்த கதை! வயரின் பலத்துக்கு ஏற்ற எம்.சி.பி-தான் போட வேண்டும். அதுகூட சுவருக்குள் ஓடும் வயரைத்தான் காக்கும். வெளியே நாம் நீட்டிய ஆறு ஆம்ஸ் பாக்ஸை அல்ல.

பில்டருக்கு போன் போட்டேன். "கிச்சனுக்கு ஒரு பவர் பாயிண்ட்தான் சார் ஸ்டாண்டர்ட். வேணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்." பல லட்சம் வாங்கிக்கொண்டு ஹாலில் ஃபால்ஸ் சீலிங்குக்கு லைட் போட்டவருக்கு, அடுப்படிக்கு இரண்டு வயர் இழுக்க மனசு வரவில்லை.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பு, சாப்பிடத் தனி இடம் இருக்கும் வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது சுமார் 54 சதுர அடி. 'குறைந்தது' என்று அவர்கள் எழுதியதை நம் பில்டர்கள் 'அதிகபட்சம்' என்று படித்துவிட்டார்கள் போல. அந்தப் பொந்துக்குள்தான் அடுப்பு, சிலிண்டர், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, மைக்ரோவேவ், அப்புறம் ஒரு மனுஷி!

இதில் 'மாடுலர் கிச்சன்' என்ற அழகு வேறு. சிலிண்டரைக் கதவு போட்டு மூடுகிறார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அந்தக் கதவில் கீழ்ப்பக்கம் ஓட்டைகள் வேண்டாமா? சிலிண்டர் இருக்கும் அலமாரிக்குள்ளேயே பிளக் வைத்த புண்ணியவான்களும் உண்டு! மைக்ரோவேவை இடுக்கில் சொருகுகிறார்கள். மேலே, பின்னே, பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. யார் படிக்கிறார்கள்? ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடுகிற மெஷின். அதை அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, கரன்ட் பில் எகிறுகிறது என்று புலம்புகிறோம்.

புது வீடு வாங்குகிறீர்களா? ஃபால்ஸ் சீலிங் டிசைனை அப்புறம் பார்க்கலாம். அடுப்படிக்கு மூன்று 16 ஆம்ஸ் பாயிண்ட் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. சிங்க்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி, மேடைக்கு மேலே. ஒழுங்கான எர்த். ஷாக் அடித்தால் கண நேரத்தில் கரன்ட்டை வெட்டும் 30 மில்லி ஆம்ஸ் ஆர்.சி.சி.பி. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

பழைய வீடா, வாடகை வீடா? ஹவுஸ் ஓனரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அதுவரை சூடு பண்ணுகிற சாமானில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான், அதுவும் நேராகச் சுவர் பிளக்கில். பெரிய பின்னைச் சின்ன பிளக்கில் சொருக ஒரு 'கன்வெர்ட்டர்' விற்கிறார்களே, அதைக் குப்பையில் போடுங்கள்.

பில்டரை இவ்வளவு திட்டுகிறேனே, ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பிளான் போட்ட அன்று அவர் என்னிடம் கேட்கத்தான் கேட்டார். நான் டி.வி. பாயிண்ட் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். அடுப்படி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே தினமும் நிற்கப் போகிறவரோ பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் பில்டரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்களாவது கேளுங்கள், சார்.