சமுதாயக் கூடம்… எந்தச் சமுதாயத்துக்கு?

தோழர்களே, கொஞ்சம் பெரிய பதிவு. ஆனா நமக்குள்ள பேசி முடிக்க வேண்டிய விஷயம். முழுசா படிங்க.

எங்க பேரூராட்சிக்கு ஒரு சமுதாயக் கூடம் வரப் போகுது. தாமிரபரணிப் பாசனத்துல இருக்கற சின்ன ஊர். செய்தி வந்த அன்னைக்கு ராத்திரியே நம்ம வாட்ஸ்அப் குரூப்ல சண்டை ஆரம்பிச்சிருச்சு. "எங்க வார்டுலதான் வரணும்"னு ஆளாளுக்கு வாய்ஸ் நோட். நடுவுல ஒரு தம்பி வெள்ளந்தியா கேட்டான்: "அண்ணே, சமுதாயக் கூடம்னா எந்தச் சமுதாயத்துக்கு?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. வாடகைக்கு வீடு கேட்டுப் போனா "நீங்க என்ன சமுதாயம்?"னுதானே கேக்குறாங்க? சாதின்னு வாய்விட்டுச் சொல்லக் கூசுறவங்க சமுதாயம்னு சொல்லிக்கிறாங்க. எங்க ஊர்ல இருக்கற மண்டபம் எல்லாமே ஏதாவது ஒரு சமுதாயத்தோடது. எல்லாருக்கும்னு ஒண்ணுகூட இல்ல. அதனால அந்தத் தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி.

🔴 முதல்ல, கூடம் தேவையா?

"அந்தக் காசுல வாறுகால் கட்டலாம்ல?"ன்னு சிலர் கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். ஏன்னா ஊர்ல ஏற்கனவே ஒரு பொதுக் கட்டடம் பூட்டிக் கிடக்கு. சாவி யார்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியாது. திண்ணையில ஆடு படுத்திருக்கு.

ஆனாலும் தேவைதான்னு சொல்றேன். சொந்தமா மண்டபம் கட்டுற அளவுக்கு எண்ணிக்கையோ காசோ இல்லாத குடும்பங்கள் ஊர்ல நிறைய இருக்கு. பிழைக்க வந்தவங்க இருக்காங்க. சாதி மாறிக் கல்யாணம் பண்ணுனவங்க இருக்காங்க. அவங்க வீட்டுக் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் ஒண்ணு தெருவை அடைச்சுப் பந்தல் போடணும், இல்லைன்னா பக்கத்து டவுன்ல கடன் வாங்கி மண்டபம் பிடிக்கணும். மகளிர் குழு கூட்டம் வேப்பமரத்தடியில நடக்குது. மழை வந்தா அதுவும் இல்ல. மருத்துவ முகாம் போட இடம் கிடையாது. போட்டித் தேர்வுக்குப் படிக்கற பசங்களுக்கு ஒரு மேஜை கிடையாது.

🔴 சரி, எங்கே?

மூணு இடம் பேச்சுல இருக்கு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1️⃣ குளத்தங்கரை. விசாலமான இடம், கார் நிறுத்தலாம், ஆட்சேபிக்க ஆளில்லை. பதிவேட்டுல அது குளம் புறம்போக்கு. "குளத்துக்குத் தண்ணி வந்தே பல வருஷம் ஆச்சு தம்பி"ங்கிறாங்க.

2023 டிசம்பர் 17, 18 மறந்து போச்சா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னுபோய், சுமார் 800 பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியையே வெள்ளம் அரிச்சுட்டுப் போயிருந்துச்சு. பயணிகள்ல ஒரு பகுதிப் பேரைப் பக்கத்துல இருந்த பள்ளிக்கூடத்துலதான் தங்க வச்சாங்க. ஊர்க்காரங்க சமைச்சுப் போட்டாங்க.

அந்த மாதிரி ராத்திரியில ஊர் சனம் ஓடிப் போய் ஏறணும்னா அது சமுதாயக் கூடம்தான். அதைக் கொண்டு போய் ஊர்லயே பள்ளமான இடத்துல கட்டுனா, வெள்ளம் வர்றப்ப கூடத்துல இருக்கறவங்களையும் நாமதான் படகு வச்சு மீட்கணும். சிவில் படிச்சவன்கிற முறையில சொல்றேன், அஸ்திவாரத்தை எவ்வளவு உயர்த்துனாலும் தண்ணி வர்ற பாதை மாறாது. சட்டமும் இடம் கொடுக்காது. ஊர்ப் பொது நிலத்தையும் குளத்தையும் ஆக்கிரமிப்புல இருந்து மீட்கணும்னு ஜக்பால் சிங் வழக்குல 2011லயே உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிருச்சு. ஆக்கிரமிக்கற தனியாரைக் கண்டிக்கற நாம, அரசுப் பணத்துல அதையே செய்யலாமா?

2️⃣ கோயில் பக்கத்துப் பெரிய தெரு. இடத்தை இனாமா தர்றதாச் சொல்றாங்க. நிபந்தனை எதுவும் இல்லையாம். நல்ல மனசுக்கு நன்றி. ஆனா ஒரு கேள்வி: காலனியில இருந்து ஒரு மாப்பிள்ளை மேளதாளத்தோட அந்தத் தெரு வழியா வந்து இறங்க முடியுமா? இன்னைக்கு, இந்த ஊர்ல?

அரசுப் பணத்துல நடக்கற பொது இடத்துக்குள்ள சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாதுன்னு அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 15(2) சொல்லுது. கூடத்தோட கதவை அந்தச் சட்டத்தைக் காட்டித் திறந்திரலாம். ஆனா தெருவுல நிக்கற பார்வைக்குப் பயந்து ஒரு குடும்பம் முன்பதிவே பண்ணலைன்னா, யார் மேலயும் வழக்குப் போட முடியாது. ரிஜிஸ்டர்ல "யாரையும் தடுக்கலை"ன்னுதான் இருக்கும்.

"காலனிக்குத்தான் தனியா ஒரு சின்னக் கூடம் கட்டிக் கொடுத்தாச்சே"ன்னு ஒரு பதில் வருது. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி. அதுல 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிக்கும் போகணும்னு விதி இருக்கு. அந்த மாதிரி ஒதுக்கீடு அவங்க உரிமை. அதைக் காட்டி ஊர்ப் பொதுக் கூடத்துல அவங்க பங்கைக் கழிக்கறது கணக்கும் இல்ல, நியாயமும் இல்ல.

3️⃣ பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல, பழைய மாட்டுப் பவுண்டு இருந்த இடம். பேரூராட்சிக்குச் சொந்தமானது. ஊருக்கும் காலனிக்கும் நடுவுல, மெயின் ரோட்டு மேல. யார் தெருவுக்குள்ளயும் நுழையாம எல்லாரும் வந்து சேரலாம். பஸ் நிறுத்தம் பக்கம், தெருவிளக்கு உண்டு, பெண்கள் ராத்திரி கூட்டம் முடிஞ்சும் தைரியமா வீடு போகலாம். 2023 வெள்ளத்துல தண்ணி ஏறாத இடமும் அதுதான்.

குறையே இல்லைன்னு சொல்லல. இடம் சின்னது, கார் நிறுத்த வசதி குறைவு. எதிர்ல பள்ளிக்கூடம் இருக்கறதால பரீட்சை நேரத்துல ஸ்பீக்கர் சத்தம் தொந்தரவு. அதுக்கு மாடி வச்சுக் கட்டலாம், பள்ளி நேரத்துல ஒலிபெருக்கி கூடாதுன்னு விதி போடலாம். கார் நிறுத்துற பிரச்சனையைச் சரிபண்ண வழி இருக்கு. உள்ள வரவே தயங்குற மனுஷனுக்கு என்ன வழி வச்சிருக்கோம்?

🔴 நம்ம ஆட்களுக்கு ஒரு வார்த்தை

"பெரிய தெருவுலதான் நம்ம ஓட்டு இருக்கு, பகைச்சுக்காதீங்க"ன்னு எனக்கே போன் வந்துச்சு. பேசினவர் கட்சிக்காக வருஷக்கணக்கா உழைச்சவர். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அண்ணே, ஓட்டு குறையும்னு பயந்து கூடத்தை அங்க கட்டிட்டா, அடுத்த தடவை காலனிக்குள்ள எந்த முகத்தோட ஓட்டு கேட்டுப் போவோம்? போஸ்டர் ஒட்டவும் பூத்துல உட்காரவும் நமக்கு அங்க இருந்து பசங்க வேணும். அவங்க தங்கச்சி கல்யாணத்துக்கு மட்டும் கூடம் வேண்டாமா?

🔴 அடிக்கல் நாட்டுறதுக்கு முன்னாடி மன்றத் தீர்மானத்துல இதெல்லாம் இருக்கணும்:

✅ வாடகை எவ்வளவுன்னு வாசல்ல போர்டு. முதல்ல பதியறவங்களுக்கு முதல்ல. படிவத்துல சாதிக் கட்டம் கூடாது.
✅ சாவி பேரூராட்சி அலுவலகத்துல. எந்தத் தனி ஆள் வீட்டுலயும் இல்ல.
✅ பராமரிப்புக்கும் காவலாளி சம்பளத்துக்கும் எங்கிருந்து பணம்னு இப்பவே எழுதணும். இல்லைன்னா இங்கயும் ஆடுதான் படுக்கும்.
✅ சாய்வுப் பாதை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஜெனரேட்டர், வெள்ள நேரத்துல ஊருக்கே சமைக்கற அளவுக்குச் சமையலறை.
✅ எந்தச் சாதித் தலைவர் பேரும் வேண்டாம். நம்ம தலைவர் பேரைக்கூட நாம கேக்க வேண்டாம். ஊர் பேர் போதும்.

🔴 நீங்க என்ன செய்யலாம்?

உங்க ஊர்லயும் கூடம் வரப் போகுதுன்னா, முதல்ல சர்வே எண்ணை வாங்குங்க. அ-பதிவேட்டுல அந்த நிலம் என்ன வகைன்னு பாருங்க, புலப்படத்தையும் பாருங்க. பேரூராட்சின்னா உங்க கவுன்சிலர்கிட்டயும் செயல் அலுவலர்கிட்டயும் எழுத்துல மனு கொடுங்க. ஊராட்சின்னா கிராம சபை இருக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கையைத் தூக்கிக் கேளுங்க, தீர்மானத்துல எழுத வைங்க. கமெண்ட்ல போடுற சண்டை எந்தத் தீர்மானப் புத்தகத்துலயும் ஏறாது.

எங்க ஊர் மனுவுல முதல் கையெழுத்து, குரூப்ல கேள்வி கேட்ட அந்தத் தம்பியோடது. நேத்து போன் பண்ணிச் சொன்னான்: "அண்ணே, எங்க ஆச்சியும் கைநாட்டு வைக்கணும்கிறா. அவளுக்கு இதுவரைக்கும் எந்த மண்டபத்துலயும் முதல் பந்தியில இலை போட்டதில்லையாம்."

மூணாவது இடத்துல கூடம் வரட்டும். முதல் பந்தியில அந்த ஆச்சிக்கு நாமளே இலை போடுவோம்.

பகிருங்கள் தோழர்களே. 🙏

#எல்லோருக்கும்_சமுதாயக்கூடம் #குளத்தில்_கட்டாதே
— தகவல் தொழில்நுட்ப அணி