சிக்கன உபதேசமும் வாலிபர் சம்பளமும்

"மாதம் 5,000 ரூபாய் போட்டு வா, முப்பது வருஷத்தில் கோடீசுவரன் ஆவாய்" என்னும் உபதேசம் இன்று தேசமெங்கும் வாலிபர் காதில் ஓதப்பட்டு வருகிறது. பாங்கிக்குப் போனால் அங்கே இந்தப் பேச்சு. கல்லூரியில் விழா என்றால் அங்கும் இதைச் சொல்ல ஒரு கனவான் வந்துவிடுகிறார். கைப்பேசியைத் திறந்தாலோ கேட்கவே வேண்டியதில்லை. இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவன் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே பரஸ்பர நிதியில் தவணை கட்டத் தொடங்க வேண்டுமாம். டீ, காப்பி, சினிமா இவற்றைக் குறைக்க வேண்டுமாம். செய்யாதவன் தன் முதுமைக்குத் தானே தீங்கு தேடிக்கொள்கிறானாம். சிக்கனத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்து கடன்காரன் வாசலில் நிற்பதை மெச்சுவோர் யாருமிலர். ஆனால் இந்த உபதேசத்தில் கணக்கின் ஒரு பாதியே சொல்லப்படுகிறது. மறைந்திருக்கும் மற்றப் பாதியால் நஷ்டப்படுகிறவர்கள் வாலிபர்களே ஆகையால், விஷயத்தைச் சற்று விரிவாகப் பரிசீலிக்க விரும்புகிறோம்.

முதலில் கணக்கையே பார்ப்போம். மாதம் 5,000 ரூபாய் வீதம் 30 வருஷம் கட்டி, வருஷத்துக்கு 12 சதவீதம் பெருகும் என்று வைத்துக்கொண்டால், கடைசியில் ஏறக்குறைய 1 கோடியே 76 லட்சம் ரூபாய் வரும். பெருக்கல் சரியே. ஆனால் விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுமானால், முப்பது வருஷங் கழித்து வரும் அந்தத் தொகைக்கு இன்றைய மதிப்பு சுமார் 31 லட்சந்தான். கோடி என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறவர்கள் இந்த 31 லட்சத்தை எந்த எழுத்தில் அச்சிடுகிறார்கள் என்று தேடிப் பார்த்தோம். பல விளம்பரங்களில் அது அகப்படவேயில்லை.

டீக் கணக்கு இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் டேவிட் பாக் என்பவர் தினசரிக் காப்பிச் செலவை மிச்சம் பிடித்தே செல்வராகலாம் என்று பிரசாரம் செய்து பேர் பெற்றவர். அந்தச் சரக்கு கப்பலேறி இங்கே வந்து டீயாக மாறியிருக்கிறது. நாளுக்கு இரண்டு டீ, 20 ரூபாய், மாதம் 600 ரூபாய். இதை முப்பது வருஷம் மேற்சொன்ன விகிதத்தில் பெருக்கினால் 21 லட்சம் வரும்; இன்றைய மதிப்பில் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் குறைவு. வேலைக்கு நடுவே பத்து நிமிஷம் நண்பனோடு நின்று ஒரு வாய் டீ குடிக்கும் சுகத்தை முப்பது வருஷம் துறந்தால் கிடைக்கும் பலன் இது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி பில்லில் அத்தனையும் கரைந்துவிடும். துறவிகளுக்குக்கூட இதைவிட மேலான பலன் சொல்லப்பட்டிருக்கிறது!

12 சதவீதம் என்பதும் யாரும் எழுதிக் கொடுத்த பத்திரம் அன்று. 2008 ஜனவரியிலிருந்து 2009 மார்ச்சுக்குள் பம்பாய்ப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 60 சதவீதம் அளவுக்கு விழுந்தது. ஜப்பானில் 1989 டிசம்பரில் ஏறிய உச்சத்தை அந்நாட்டு நிக்கெய் குறியீடு மறுபடி எட்டியது 2024 பிப்ரவரியில். இடையில் கழிந்தவை 34 வருஷங்கள். "நீண்ட காலம் பொறுத்தால் நஷ்டமில்லை" என்பார்கள். பொறுக்கக்கூடியவனுக்கு அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சந்தை விழும் காலமும் கம்பெனிகள் ஆட்களை நீக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. வேலை போன வாலிபன் வாடகைக்காகத் தன் யூனிட்டுகளை அடிமட்ட விலைக்கு விற்கிறான். பொறுமை என்பது ஒரு குணம் மாத்திரமன்று. அதற்கும் கையில் முதல் வேண்டும்.

இனி, அந்த 5,000 ரூபாய் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. தென் ஜில்லாவிலிருந்து வந்து சென்னையில் வேலை பார்க்கும் ஒரு வாலிபனுக்குக் கைக்கு 20,000 ரூபாய் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். நாலு பேரோடு சேர்ந்து எடுத்த அறையில் அவன் பங்கு 5,000. சாப்பாடு 6,000. பஸ்ஸும் கைப்பேசியும் 1,500. படிப்புக்கு வாங்கிய கடனில் தவணை 2,000. ஊரிலுள்ள தாய் தகப்பனாருக்கு 5,000. ஆக 19,500 போய்விட்டது. மீதி 500 ரூபாயில்தான் சட்டையும் செருப்பும் மருந்தும், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் டிக்கட்டும். இவனைப் பார்த்து, சம்பளத்தில் 50 பங்கு தேவைக்கு, 30 பங்கு விருப்பத்துக்கு, 20 பங்கு சேமிப்புக்கு என்று வகுத்துக்கொள் என்கிறார்கள். அறையும் சாப்பாடுமே 50 பங்கைத் தாண்டிவிட்டன. ஊருக்கு அனுப்பும் 5,000 தேவையா விருப்பமா என்று நம் வாலிபன் கேட்டால், உபதேசி என்ன பதில் சொல்வார்? தகப்பனாரின் சர்க்கரை வியாதி மாத்திரையை 'விருப்பம்' என்ற பத்தியில் எழுதுவதா?

இந்த 50, 30, 20 விதியின் பூர்வோத்தரம் நம் உபதேசிகள் பலருக்குத் தெரியாது போலும். பின்னால் அமெரிக்க ஸெனட்டரான எலிசபெத் வாரன் அம்மையாரும் அவருடைய குமாரத்தியும் 2005-இல் வெளியிட்ட நூலால் பிரபலமானது அது. அமெரிக்கக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இன்னும் விசேஷம் என்னவென்றால், அதே இருவர் 2003-இல் எழுதிய முந்தைய நூலில், குடும்பங்கள் திவாலாவது ஊதாரித்தனத்தால் என்ற கொள்கையை மறுத்து, வீடு, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு முதலிய நிலையான செலவுகளின் ஏற்றமே காரணம் என்று வாதித்திருந்தார்கள். விதி மாத்திரம் கடல் கடந்து நம் கல்லூரி மண்டபம் வரை வந்துவிட்டது. வாதம் அங்கேயே தங்கிவிட்டது.

பொருளாதார சாஸ்திரிகளும் இந்த உபதேசத்துக்குப் பூரண சாக்ஷி சொல்லவில்லை. 1954-இல் பிராங்கோ மோடிலியானி, தம் மாணவர் பிரம்பர்க் என்பவரோடு சேர்ந்து, மனிதன் தன் ஆயுட்கால வருமானம் முழுவதையும் எண்ணியே செலவையும் சேமிப்பையும் அமைத்துக்கொள்கிறான் என்று விளக்கினார். அவருக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன்படி, சம்பளம் வளரும் என்ற நம்பிக்கையுள்ள இருபது வயதுக்காரன் அப்போது குறைவாகச் சேர்ப்பதும், நாற்பது வயதில் அதிகமாகச் சேர்ப்பதும் குற்றமாகா. யேல் சர்வகலாசாலையின் ஜேம்ஸ் சோய் 2022-இல் 50 பிரபல நூல்களை எடுத்து, அவற்றின் போதனையைப் பொருளாதாரப் பேராசிரியர்களின் முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வயது எதுவானாலும் ஒரே விகிதத்தில் சேமி என்று நூல்கள் சொல்வதும், இளமையில் குறைவாகச் சேமிக்கலாம் என்று சாஸ்திரம் சொல்வதும் அவர் கண்ட பெரிய பேதங்களில் ஒன்று. பழக்கம் இளமையிலேயே படிய வேண்டும் என்று நூல்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. அதில் உண்மை உண்டு, நாம் தள்ளவில்லை. மாதம் 500 ரூபாயைத் தபாலாபீஸில் போட்டாலும் பழக்கம் படியும். கோடீசுவரக் கனவு அதற்கு அவசியமில்லை.

ஏழை ஏழையாயிருப்பது அவனுடைய ஊதாரித்தனத்தால் என்ற பேச்சை நம் தேசம் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறதென்று நினைக்க வேண்டாம். 1875-இல் பூனா, ஆமத்நகர் ஜில்லாக்களின் குடியானவர்கள் லேவாதேவிக்காரர்கள் மேல் பாய்ந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் வீண் செலவு செய்துதான் இவர்கள் கடனாளியானார்கள் என்று அந்நாள் அதிகாரிகள் பலர் சொல்லி வந்தனர். அந்தக் கலகத்தை விசாரிக்க அமர்ந்த கமிஷனோ, அன்னிய சர்க்கார் நியமித்ததேயாயினும், கல்யாணச் செலவுக்கு மிதமிஞ்சிய முக்கியத்துவம் கொடுக்கப்பட்டிருக்கிறதென்ற முடிவுக்கு வந்தது. தாதாபாய் நௌரோஜி, தேசத்தின் செல்வம் எங்கே வடிந்து போகிறதென்று கணக்கிட்டுக் காட்டி, குற்றத்தைக் குடியானவன் தலையிலிருந்து இறக்கிவைத்தார். கல்யாணச் செலவு போய் இன்று டீச் செலவு வந்திருக்கிறது. உபதேசிகள் நம்மவர்களே என்பது ஒன்றே வித்தியாசம்.

உபதேசத்தால் யாருக்கு லாபம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. தரகர் மூலம் வாங்கும் திட்டத்தில் அவருக்கு வருஷந்தோறும் கமிஷன் உண்டு. கமிஷன் இல்லாத நேரடித் திட்டத்தை ஒவ்வொரு நிதிக் கம்பெனியும் வைத்திருக்க வேண்டுமென்று செபி கட்டளையிட்டு, அது 2013 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. இரண்டுக்கும் வருஷத்துக்கு ஒரு சதவீதம் வித்தியாசம் என்று கொண்டால், மேலே சொன்ன 5,000 ரூபாய்க் கணக்கில் முப்பது வருஷ முடிவில் 35 லட்சம் குறைகிறது. டீயை விடச் சொல்லி 21 லட்சம் காட்டுகிறவர் தம் கமிஷனால் போகும் 35 லட்சத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. மேடையில் உபதேசம் முடிந்ததும், "ஐயா, இதில் உங்களுக்கு எவ்வளவு?" என்று ஒரு மாணவன் மரியாதையுடன் எழுந்து கேட்கலாம். அப்படிக் கேட்பதில் தப்பொன்றுமில்லை.

பணம் பணத்தைப் பெற்றுத் தரும் என்ற ஆசையை மூட்டிவிட்டு, முப்பது வருஷம் பொறுத்திரு என்றால் எத்தனை பேர் பொறுப்பார்கள்? 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 2021-22 முதல் மூன்று நிதி வருஷங்களில் பங்கு வாயிதா வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அவர்களில் முப்பது வயதுக்குட்பட்டோர் 2022-23-இல் 31 சதவீதமாயிருந்து, மறு வருஷம் 43 சதவீதமாக ஏறினார்கள். மாதம் 500 ரூபாய் மிஞ்சுகிறவன் கோடிக்குக் குறுக்கு வழி தேடிப் போன கதை இது. பொறுமையைப் போதித்தவர்கள் இந்தப் பாவத்தில் தமக்குப் பங்கில்லை என்பார்கள். ஆனால் அதே கைப்பேசிச் செயலி ஒரு பக்கத்தில் மாதத் தவணையையும் மறுபக்கத்தில் வாயிதாச் சூதையும் காட்டி அழைப்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்ல.

அப்படியானால் வாலிபன் செய்யத்தக்கது என்ன? கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடுகிறது. வருஷத்துக்கு 36 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதை வைத்துக்கொண்டு 12 சதவீதத்தை நம்பிப் பங்கில் பணம் போடுகிறவன் ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளுகிறான். கடனைத் தீர்ப்பதே அவனுக்கு முதல் லாபம். அடுத்தபடி, வேலை போனாலும் மூன்று மாதம் தாங்கும் தொகையைப் பாங்கியில் சும்மா வைத்திருக்கட்டும். தாய் தகப்பனாருக்கு வைத்திய இன்ஷூரன்ஸ் செய்யட்டும். அதற்கும் மேல் மிஞ்சுவதைத் தன் தொழிலில் தேர்ச்சி பெறவும், உடம்பைப் பேணவும் செலவிடட்டும். இருபத்தைந்து வயதில் கற்ற ஒரு வித்தையால் சம்பளம் 20,000-லிருந்து 35,000 ஆகுமானால், எந்தப் பரஸ்பர நிதியும் அந்த லாபத்தைக் கொடுக்க முடியாது. இவையெல்லாம் ஆனபின் மிச்சமிருந்தால் நேரடித் திட்டத்தில் போடட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி அவன் வெட்கப்படவே வேண்டாம். அவன் தகப்பனாருக்குப் பென்ஷன் அதுதான்.

பென்ஷன் என்று சொல்லும்போதுதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். முன்னாளில் முதுமையின் பாரத்தைச் சுமக்க எஜமானர்களும் சர்க்காரும் ஓரளவு கடமைப்பட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்குப் பின்னும், மத்திய சர்க்காரில் 2004 ஜனவரிக்குப் பின்னும் சேர்ந்த ஊழியர்களைப் பழைய பென்ஷனிலிருந்து விலக்கி, பாரத்தை அவர்கள் தோளுக்கு மாற்றினார்கள். ஊழியர்கள் சும்மா இருக்கவில்லை. வருஷக்கணக்காகப் போராடினார்கள். அதன் பயனாக, 25 வருஷம் சேவை செய்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி நிச்சயம் என்னும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2025 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தது. சந்தையை நம்பியிரு என்ற உபதேசத்தைச் சங்கம் வைத்திருப்பவர்கள் ஏற்கவில்லை. சர்க்காரும் இணங்கி வந்தது. சங்கமில்லாத கடைச் சிப்பந்தியும், மில் தொழிலாளியும், சைக்கிளிலும் மோட்டார் பைக்கிலும் பிறர் வீட்டுச் சாப்பாட்டைச் சுமந்து ஓடும் பையன்களுந்தான் அந்த உபதேசத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அன்றைய தலைவர்கள், பணம் போட்டவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் கூடி, மறு வருஷமே இந்தியன் பாங்கியை ஸ்தாபித்தார்கள். இன்றைய தலைவர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் அத்தகைய காரியமே. தொழிலாளர் வைப்பு நிதியின் பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷனை மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். வாலிபனுக்கு முப்பது வருஷத்து விலைவாசியைக் கணக்கிட்டு முதுமையைப் பற்றி எச்சரிக்கிறவர்கள், அந்த 1,000 ரூபாயில் இன்றைக்கு ஒரு கிழவர் எத்தனை வேளை சாப்பிடலாம் என்பதையும் கணக்கிட்டு டெல்லிக்கு எழுதியனுப்பட்டும்.