கருத்து உண்டு, கணக்கு இல்லை

உலக விஷயங்களில் கருத்துச் சொல்ல அரியலூர், பெரம்பலூர்க்காரர்களாகிய நாம் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. 1990-ல் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தபோது நமக்கு ஒரு கருத்து இருந்தது. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோதும், 2023 அக்டோபருக்குப் பிறகு காசா இடிந்து நொறுங்கியபோதும், 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோதும் இருந்தது. வீட்டோ அதிகாரம் யாருக்கு இருக்கலாம், அணுகுண்டை யார் வைத்துக்கொள்ளலாம், டாலர் எப்போது விழும் என்று எதைக் கேட்டாலும் ஜெயங்கொண்டத்திலும் வேப்பந்தட்டையிலும் பதில் தயார். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மகனையோ மருமகனையோ வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டில், ஹோர்முஸ் நீரிணை என்ற பெயர் காதில் விழுந்தாலே அடுப்படி வரை அமைதியாகிவிடும். அந்த அக்கறை உண்மையானதுதான்.

தூரத்து ஆபத்தைப் பேசிய அளவுக்கு, அதே ஆபத்து நம் ஊருக்குள் வந்து நின்றபோது நாம் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. இங்கே ‘நாம்’ என்பது யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அலுவலர்கள், கட்சிக்காரர்கள், பத்திரிகை படிப்பவர்கள், கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு நிறையப் பேசுகிறவர்கள். கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவரையும், மைன்ஸ் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டு சுவரில் விரிசலை எண்ணுகிறவரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது.

முதலில் ஓர் எலும்பின் கதை. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் பெரிய எலும்புகள் கிடைத்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் இறுதியில் அவற்றைப் பற்றி எழுதினார்கள். புருகத்காயோசாரஸ் மாட்லேயி என்று பெயர் வைத்தார்கள். ஊன் தின்னும் டைனோசர் என்று அவர்கள் முதலில் நினைத்தது, பின்னால் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று திருத்தப்பட்டது. கால் எலும்பு ஒன்று மட்டும் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அளவுகள் சரியென்றால், நிலத்தில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று நம் கல்லமேட்டில் நடந்திருக்கிறது. அந்த எலும்புகள் இன்று எங்கே? எங்கும் இல்லை. உளுத்துச் சிதைந்துபோயின. சில வரைபடங்களும் பழைய புகைப்படங்களும்தான் மிச்சம். வெளிநாட்டு ஆய்வாளர்கள் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு இப்போதும் எடை போட்டுப் பார்க்கிறார்கள்.

துறையைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அது தொலைந்தது என்று நமக்கு எப்போது தெரிந்தது? பெரும்பாலானவர்களுக்கு அது கிடைத்ததே தெரியாது. நாம் கூடிக் கொண்டாடியது வேறொன்றை. 2020-ல் குன்னம் பக்கம் ‘டைனோசர் முட்டை’ கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப் முழுக்கப் படங்கள் பறந்தன. சுண்ணாம்பு படிந்து உருண்டு திரண்ட கல் அது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்தது. முட்டை இல்லையென்றால் அந்தக் கல்லில் நமக்கு என்ன வேலை!

அந்தக் கல்லில்தான் உலகத்தின் கதையே இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. காரை என்ற ஊரின் சிவந்த, அரித்துப்போன மேடுகளில் இன்றும் கடல் உயிர்களின் எச்சங்கள் காலில் இடறும். சாத்தனூரில் படுத்திருக்கும் பதினெட்டு மீட்டர் கல்மரம் அந்தக் கடலுக்குள் அடித்துவரப்பட்ட மரம், 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகத்துக்குக் காட்டினார். அதற்கு வெகு காலம் முன்பே, 1860களில், புவியியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை வரைபடமாக்கினார். தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த சிப்பிகளையும் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர்களையும் தடித்தடியான நூல்களில் விவரித்தார். ஊட்டத்தூர், கருடமங்கலம், அரியலூர், நின்னியூர் என்று நம் ஊர்ப் பெயர்கள் உலகப் புவியியல் ஏடுகளில் அச்சேறின. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகின் பெரும்பாலான உயிரினங்கள் அழிந்தனவே, அந்த அழிவுக்கு முந்தைய அடுக்கும் பிந்தைய அடுக்கும் ஒரு பேருந்துப் பயண தூரத்துக்குள் கிடக்கும் இடம் அரியலூர். கல்லமேட்டுப் பாறையில் டைனோசர் உண்டு. நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கிடையாது. அம்மோனைட்டும் அதோடு சரி.

அந்த அழிவில் ஒரு விவரம் நமக்கு உறைக்க வேண்டியது. மெக்சிகோவில் விழுந்த விண்கல் சுண்ணாம்புப் பாறையும் ஜிப்சமும் நிறைந்த தரையில் விழுந்தது. அவை ஆவியாகி, உள்ளே பூட்டிக் கிடந்த கரியும் கந்தகமும் காற்றில் கலந்தன. நாமும் சுண்ணாம்புக்கல்லைத்தான் சூடுபடுத்துகிறோம், சூளையில், ஏறக்குறைய 1450 டிகிரி வெப்பத்தில், சிமெண்டுக்காக. நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல் வெந்தால் நாற்பத்து நான்கு கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். இது நிலக்கரி எரிவதால் வரும் புகைக்கு மேல் தனிக் கணக்கு. சூளையை நாளைக்கே சூரிய சக்தியில் ஓட்டினாலும் இந்த நாற்பத்து நான்கு குறையாது. அது கல்லுக்குள்ளேயே இருக்கிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. அந்தச் சிமெண்டில் நம் பங்கும் உண்டு. 1979-ல் அரசு ஆலை வந்தது. கீழப்பழுவூர், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய் என்று தனியார் ஆலைகளும் சேர்ந்து அரியலூரைச் சிமெண்ட் நகரமாக்கின.

ஆலைகளை மூடு என்று எழுதுவது ஒரு நிமிட வேலை. அந்த வீரம் எனக்கு வேண்டாம். ஓலைக் குடிசை ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு கான்கிரீட்டானது இந்தச் சிமெண்டால்தான், வேலையும் அங்கேதான். என் புகார் வேறு. 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பிரதமர் 2070-க்குள் நிகர உமிழ்வு பூஜ்யம் என்று அறிவித்தபோது, அமெரிக்கா எவ்வளவு புகை விட்டது, சீனா எவ்வளவு விடுகிறது என்று நாம் புள்ளிவிவரத்தோடு வாதாடினோம். நம் மாவட்டம் எவ்வளவு விடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. காலநிலை மாற்ற இயக்கத்துக்கு மாவட்டம்தோறும் ஆட்சியர் தலைவர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர் என்று அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. டிரம்ப்பின் அமைச்சர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த நமக்கு அந்த அலுவலர் பெயர் தெரியாது.

சுரங்கம் தோண்டவோ ஆலையை விரிவாக்கவோ பெரிய அனுமதி வேண்டுமென்றால், 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். முப்பது நாள் முன்னால் நாளிதழில் விளம்பரம் வரும். ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ தலைமை தாங்குவார். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஆங்கிலத்தில் தடிமனாக இருக்கும். தமிழில் சுருக்கம் இருக்கும். நம்மில் எத்தனை பேர் அந்தச் சுருக்கத்தையாவது கடைசிப் பக்கம் வரை படித்தோம்? எழுத்து மூலமாகவே ஆட்சேபம் கொடுக்கலாம், மேடை ஏறிக் கத்த வேண்டியதில்லை என்பது எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? கூட்டத்துக்குப் போனவர்கள் வேலை கேட்டார்கள். அது அவர்கள் உரிமை. தூசு பற்றிக் கேட்டவர் பெண். அவர் பேசும்போது நாம் முன்வரிசையில் பக்கத்து ஆளிடம் தேர்தல் நிலவரம் விசாரித்துக்கொண்டிருந்தோம். இது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தின் கதை இல்லை. பெரும்பாலும் இப்படித்தான்.

பணக் கணக்கிலும் இதே கதை. 2015-ல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. பழைய குத்தகைதாரர் உரிமத்தொகைக்கு மேல் அதில் முப்பது சதவீதமும், ஏலத்தில் எடுத்தவர் பத்து சதவீதமும் அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் பள்ளிக்கும் செலவழிக்க வேண்டிய பணம் அது. சுவிஸ் வங்கியில் கிடக்கும் கறுப்புப் பணம் பற்றி நாம் பேசியதில் பாதி நேரம் போதும், இந்த வரவு செலவைக் கேட்டு வாங்குவதற்கு.

ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி விஷயத்தையும் இதோடு சேர்க்கலாம். 1990களில் மின்திட்டத்துக்கென்று நிலம் எடுத்தார்கள், திட்டம் வரவே இல்லை, கால் நூற்றாண்டு கழித்து நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அத்தனை ஆண்டும் நாம் பேசியது இழப்பீட்டுத் தொகையை மட்டும். தோண்டாமல் விட்டதே உலகத்துக்கு ஒரு நன்மையா என்ற கேள்வி நம் வாயில் வரவே இல்லை.

இனி மக்காச்சோளம். உலகமயம் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் 2018-ல் அதைப் பெரம்பலூர்க் காட்டில் கண்ணால் பார்த்திருக்கலாம். அமெரிக்கக் கண்டத்துப் புழு ஒன்று 2016-ல் ஆப்பிரிக்காவில் இறங்கியது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடிய அந்துப்பூச்சி அது. நம் மானாவாரிப் பட்டத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசை. புழு பயிரின் குருத்துக்குள் புகுந்து, மரத்தூள் போலக் கழிவைத் தள்ளி, உள்ளேயே தின்று முடித்தது. கடையில் கொடுத்த மருந்தை அடித்தவர்கள் உண்டு. ஒவ்வொரு குருத்திலும் மணலைக் கிள்ளிப் போட்டவர்கள் உண்டு. மாட்டை ஓட்டி மேயவிட்டு உழுதுவிட்டவர்களும் உண்டு. இந்தச் சோளம் நாமக்கல் கோழிக்குத் தீவனம். நாமக்கல் முட்டை வளைகுடாவுக்குப் போகிறது. கத்தாரில் நம் பையன் காலையில் உரிக்கும் முட்டைக்குள்ளும் இந்தக் காடு இருக்கிறது.

அந்தப் புழு ஆப்பிரிக்காவை அழித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்டும் தகவல் கிடைக்காத இருட்டில் நாம் இல்லை. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் கூவிக்கொண்டிருந்தது. கையில் திறன்பேசி இருந்தது. அதில் வந்த போர் விமானப் படங்களைப் பார்த்தோம். புழு இங்கே வருவதற்கு ஓர் ஆண்டு முன்னால், 2017-ல், பருத்திக்கு மருந்தடித்தவர்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் மயங்கி விழுந்தார்கள். சிலர் இறந்தே போனார்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலிலும் அப்படியே. ஆளுயரச் செடிக்குள் முகக்கவசம் இல்லாமல் காற்றுக்கு எதிரே நின்று அடித்தவர் யார்? கூலியாள். அவரை அனுப்பியவர் யார்? நாம். இரசாயன ஆயுதங்களுக்கு எதிரான உடன்படிக்கை பற்றிச் சிரியாவை வைத்துப் பேசிய வாய்களில் சில நம்முடையவை.

கொரோனாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, அல்லது இருப்பதாக நினைக்கிறோம். 2020 மே முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து நம் ஆட்கள் திரும்பினார்கள். அரியலூரில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. மூட்டை தூக்கியவர்கள் அவர்கள். சீனாவைத் திட்டிக்கொண்டிருந்த நாம் அன்று முதல் கோயம்பேடு போனவன் என்று சொந்தத் தெருக்காரனைத் திட்ட ஆரம்பித்தோம். வேலிப்படலை இழுத்து வழியை மறித்தோம். பிழைப்புக்கு அத்தனை பேர் ஏன் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது என்று பிறகும் விசாரிக்கவில்லை.

மறப்பதில் நமக்குப் பழைய பயிற்சி உண்டு. 1956 நவம்பர் 23, மருதையாற்று வெள்ளத்தில் பாலம் அரித்துப்போய்த் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்ததை நம் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், அரசியல் மேடைகளில் இன்றும் ஓடும் கதை. மருதையாறு அன்று ஏன் அப்படிப் பெருகியது, அதன் ஓடைகள் இன்று எங்கெங்கே அடைபட்டிருக்கின்றன என்பதை எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை. (அரியலூர் இரண்டாம் முறை தனி மாவட்டமானது 2007-ல், அதே நவம்பர் 23-ல். தோரணம் கட்டினோம்.) மழை மாறுகிறது என்று உலகமே எச்சரிக்கும் காலத்தில் அந்த ஆற்றுக்கு நாம் செய்திருக்கக்கூடிய குறைந்தபட்சக் காரியம் அதைத் தெரிந்துவைத்திருப்பது.

கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது மட்டும் உலகம் நம்மைத் தேடி வந்ததாக ஒரு பெருமிதம் வந்தது. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அன்று எல்லோரும் பகிர்ந்தோம். ஏரிக்குக் காவிரித் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது என்று கேட்டால் பாதிப் பேர் புள்ளம்பாடி என்று சொல்லலாம். வாய்க்கால் எப்போது தூர்வாரப்பட்டது என்று கேட்டால் ஏரியைச் சுற்றி உழுகிறவர்களைத் தவிர யாரும் வாய் திறக்க மாட்டோம்.

இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி போக, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள். உலகத்தின் பெயரால் ஒரு நாள் நம் ஆலமரத்தடிக்கே வந்திருக்கிறது. நாம் போய்க் கையெழுத்துப் போடுகிறோம், தீர்மானம் வாசிக்கும் முன்பே எழுந்துவிடுகிறோம். ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, கைவிட்ட சுரங்கக் குழியில் எவ்வளவு தேங்கியிருக்கிறது, இந்த ஐப்பசியில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று மாதாமாதம் குறித்து அந்த நாளில் வாசிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. நோட்டு வாங்கித் தர இரண்டு பேர் உடனே முன்வந்தார்கள். எழுதுவதற்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.