அளந்தால் செத்துவிடுமா?

எதையும் அளந்தால் அதன் உயிர் போய்விடும் என்று நம் இலக்கியக் கூட்டங்களில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. மென்பொருள்காரனுக்கு எண்மீது பாசம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் அளக்காத காலம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆலங்குடிப் பக்கம் எங்கள் அப்பத்தா இரண்டு மாடு வைத்திருந்தார். பால்காரர் கேனுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "தண்ணியா இருக்கே ஆத்தா" என்பார். அன்றைக்குக் காசு குறையும். எதிர்த்துப் பேச அப்பத்தாவிடம் என்ன இருந்தது? பிறகு பால் சொசைட்டியில் கொழுப்பு பார்க்கும் மெஷின் வந்தது. பாலையும் அமிலத்தையும் கலந்த கண்ணாடிக் குழாய்களை அதில் வைத்துச் சுற்றுவார்கள். இலேசான கொழுப்பு தனியே பிரிந்து, கோடு போட்ட கழுத்துப் பகுதியில் நிற்கும். "எங்க காட்டு அப்பு" என்று அப்பத்தா எட்டிப் பார்ப்பார். அந்த எண் அவர் பக்கம் நின்று பேசியது.

இதே சுற்றலைப் பல மடங்கு வேகமாக்கி மூலக்கூறை எடை போட்டவர், ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருந்த தியோடர் ஸ்வெட்பெர்க். கருவிக்கு அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் என்று பெயர். அப்போது புரதம் என்றால் பலருக்கும் ஏதோ கொழகொழப்பான கூழ்மம். சிறு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்ட குவியல், அதற்கு ஏது நிலையான எடை என்று நினைத்தார்கள். ஸ்வெட்பெர்க்கும் பல அளவுத் துகள்களைத்தான் எதிர்பார்த்தார்.

1924இல் ஹீமோகுளோபின் கரைசலைச் சுழற்றினார். சுழற்சி மூலக்கூறுகளை வெளிவிளிம்புக்குத் தள்ளும். விரவல் அவற்றைத் திரும்ப உள்ளே பரப்பும். இரண்டும் சமமாகும்போது, எடை அதிகமென்றால் விளிம்பில் கூட்டமும் அதிகம். சுழன்றுகொண்டிருக்கும்போதே ஒளி செலுத்திப் படமெடுத்து அந்தக் கூட்டத்தைக் கணக்கிட்டால் எடை வரும். வந்தது சுமார் 67,000. இரும்பின் அளவை வைத்துப் போட்ட பழைய கணக்கு 16,700 என்றது. கிட்டத்தட்ட நாலு மடங்கு! ஆக, ஒரு மூலக்கூறில் நாலு இரும்பு. கேம்பிரிட்ஜில் கில்பர்ட் அடேர், சவ்வூடுபரவல் அழுத்தம் என்ற வேறு வழியில் போய் இதே எடைக்கு வந்து சேர்ந்தார். குவியல் என்று ஒதுக்கியதற்குள் தனி அடையாளம் இருந்தது. அளந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

எண் பொய் சொல்லாதா? சொல்லும். எல்லாப் புரதங்களின் எடையும் ஒரே அடிப்படை எடையின் மடங்குகள் என்று ஸ்வெட்பெர்க்கே பின்னால் ஓர் அழகான விதி சொன்னார். அது நிற்கவில்லை. அதைத் தள்ளியதும் இன்னும் துல்லியமான அளவீடுகள்தான்.

தெளிவில்லாததற்கு மர்மம் என்று பேர் வைத்துக் கொண்டாடுகிறோம். அந்த மர்மத்தில் லாபம் விரல் விட்டுப் பார்ப்பவருக்குத்தான். எண்ணைச் சந்தேகப்படுங்கள். யார் எடுத்தது, எப்படி வந்தது, வேறு வழியில் சரிபார்த்தாயா என்று கேளுங்கள். அளக்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள். என் அப்பத்தா காதில் விழுந்தால் சிரிப்பார்.