ஒருவர் தூக்கக்கூடிய சிலை

வரவேற்பறையிலும் தோட்டத்திலும் அலங்காரத்துக்காகச் சிலை வைக்கும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. வாங்கும்போது உருவத்தின் நயத்தைப் பார்க்கிறோம், விலையைப் பேசுகிறோம். எடை குறித்து நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஒரு ஆள் தூக்கிவிடலாம் இல்லையா?" அந்த ஆள் பெரும்பாலும் நாமாக இருப்பதில்லை.

எடையை மதிப்பிடுவதில் கண் எளிதில் ஏமாறும். உயரம் இரு மடங்கானால் எடையும் இரு மடங்காகும் என்று நினைக்கிறோம். அகலமும் பருமனும் உடன் வளர்வதால் எடை எட்டு மடங்காகிறது. ஓரடிச் சிலை 8 கிலோ என்றால், அதே வார்ப்பில் இரண்டடிச் சிலை 64 கிலோ. ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ. அதே அளவு வெண்கலம் 240 கிலோவைத் தாண்டும். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருச்செய்து வார்க்கும் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே கெட்டியானவை. ஐரோப்பிய வெண்கலச் சிலைகள் பெரும்பாலும் உள்ளீடற்றவை. வெளித்தோற்றம் இதைச் சொல்லாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை, வயதுவந்த ஆண் தொழிலாளி சுமக்கும் எடைக்கு 55 கிலோவை உச்சமாக வைத்தது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் வகுத்த கணக்கோ, நல்ல பிடிமானத்துடன், உடலை ஒட்டி, திரும்பாமல் தூக்கினாலும் 23 கிலோவோடு நிற்கிறது. சிலையில் இந்த வசதிகள் எதுவும் இல்லை. நீட்டிய கை, தூக்கிய பாதம், திருவாசி என்று கை தானாகச் சென்று பற்றும் இடங்களே முறியும் இடங்கள். 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றுபவரால் அதே எடையுள்ள நடராசரை மாடிக்குக் கொண்டுபோக முடியும் என்று கருதுவது தவறு.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். சோழர் காலத்து உற்சவத் திருமேனிகளின் பீடங்களில் கழி செருகவும் கயிறு கட்டவும் துளைகளும் வளையங்களும் உண்டு. சிலையை வார்க்கும்போதே, அதைச் சுமக்கப் பலர் வருவார்கள் என்று ஸ்தபதி எண்ணியிருக்கிறார். வைணவக் கோயில்களில் சுமப்பவருக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்ற மரியாதையான பெயரும் உண்டு. இன்றைய அலங்காரச் சிலைக்குத் துளையும் இல்லை; சுமப்பவருக்குப் பெயரும் இல்லை.

செய்ய வேண்டியவை எளியவை. விற்பவர் எடையைப் பீடத்தின் அடியில் எழுதித் தரலாம். எழுதியில்லையெனில், ஒருவர் சிலையைச் சாயாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் பீடத்தின் ஒரு விளிம்பை மட்டும் மெல்ல உயர்த்திப் பார்க்கலாம். அப்போது கையில் வருவது ஏறத்தாழப் பாதி எடைதான். அதுவே சிரமமானால் அது ஒருவர் சுமையன்று. ஐயமிருந்தால் இருவரை அழைப்பதே முறை. ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சிலை வாங்கிவிட்டு, இரண்டாவது ஆளின் கூலியில் சிக்கனம் பார்ப்பது கலை ரசனைக்கு அழகல்ல.